பின்சீட்டு பெல்ட்

பேய் என்ற ஒன்றை நான் நம்பியதில்லை. இப்போது நம்புகிறேனா என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் இடது தோளிலிருந்து வலது இடுப்புவரை என் உடம்பின் குறுக்கே ஒரு தழும்பு ஓடுகிறது. குளிக்கும்போது அந்த இடத்தை மட்டும் நான் தொடுவதில்லை. அது வந்த விதத்தை, நடந்தபடியே சொல்கிறேன்.

அக்காவுக்கு அப்போது எட்டாம் மாதம். துணைக்கு இருக்கலாம் என்று போனேன். பஸ் நிலையத்துக்கு அத்தான் கார் கொண்டு வந்திருந்தார். மாலை ஆறே முக்கால். விடாத மழை. முன்சீட்டை, பிறக்கப்போகும் குழந்தைக்கு வாங்கிய தொட்டில் பெட்டி அடைத்துக்கொண்டிருந்ததால் பின்னால் ஏறினேன்.

கதவைச் சாத்தியதும் நாற்றம் முகத்தில் அடித்தது. ஈரத்துணியை நாள்கணக்கில் பைக்குள் அடைத்து வைத்த நாற்றம்.

"வண்டி புதுசா அத்தான்?"

"நமக்குப் புதுசு. அடிமாட்டு விலைக்குக் கிடைச்சுது."

அவர் ஓட்டிய லட்சணத்தை என்னவென்று சொல்ல! ஒரு கையில் சிப்ஸ் பாக்கெட். எண்ணெய் விரல்களை ஸ்டியரிங்கிலேயே துடைத்தார். மடியில் போன், அதில் ஏதோ நகைச்சுவைக் காட்சி. பெல்ட் போடவில்லை. போடச் சொல்லி வண்டி கத்தாமலிருக்க, பட்டையில்லாத வெறும் கொக்கி ஒன்றை வாங்கிச் சொருகி வைத்திருந்தார். அதைத் தட்டிக்காட்டிப் பெருமை வேறு.

"ரோட்டைப் பாருங்க அத்தான்."

"இந்த ரோடு எனக்குத் தண்ணி பட்ட பாடு. கண்ணை மூடிக்கிட்டே போவேன்."

"திறந்துகிட்டே போங்க. அக்கா காத்திருப்பா."

"அவ தங்கச்சிதானே நீ! அதே புலம்பல்."

வாய் நிறைய மென்றபடி சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அக்கா வீட்டுக்காரர் என்பதற்காக எத்தனை அருவருப்பை விழுங்கப் பழகியிருக்கிறேன் என்று அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது.

என் பெல்ட்டைத் தேடிச் சீட்டின் இடுக்கில் கையை விட்டேன். விரலில் ஏதோ சுற்றியது. முடி. நீளமான, பிசுபிசுத்த முடி. கைக்குட்டையில் துடைத்தேன். பிசுக்கு போகவில்லை.

தோளுக்குப் பின்னால் தடவினேன். பட்டை கைக்கு வந்தது. சில்லென்று, வழவழவென்று... தண்ணீரில் ஊறிய தோல்போல. முகத்தைச் சுளித்துக்கொண்டே இழுத்தேன். வந்தது.

இடுப்போரம் அழுத்தி, 'க்ளிக்' கேட்கக் காத்திருந்தேன்.

கேட்கவில்லை.

ஆனால் பட்டை இறுகியது. மெல்ல... மெல்ல...

அது ஏறி இறங்கியது. மூச்சு விடுவதுபோல.

என் காதுக்குப் பின்னால் அதே நாற்றம். இப்போது சூடாக.

பிடுங்கி எறியப் பார்த்தேன். விடவில்லை.

"அத்..."

அவர் மடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

முன்னால் லாரி. விளக்கில்லை. நகரவுமில்லை.

டமார்!

ஸ்டியரிங்கில் மோதி அத்தானின் மூக்கு உடைந்தது. முன்பல் இரண்டு போயின. எனக்கு அந்தக் குறுக்குக் காயம் மட்டும்தான்.

"பெல்ட் போட்டதால பிழைச்சீங்க" என்றாள் நர்ஸ். மருந்து தடவிக்கொண்டே இடுப்புவரை வந்தவள் சட்டென்று நின்றாள். தடம் முடிந்த இடத்தில் ஐந்து சின்னக் கன்றல்கள். ஒன்று மட்டும் தள்ளி, கட்டைவிரல் போல. போர்வையை இழுத்து மூடிவிட்டாள்.

அடுத்த மாதம் அக்காவுக்குப் பெண் பிறந்தது. அவள் வீடு திரும்பும் நாளில், வண்டியைப் பழுது பார்த்த மெக்கானிக் என்னைக் கூப்பிட்டார். என் மூக்குக்கண்ணாடி காரில் கிடைத்ததாம். நான் போவதற்குள் அத்தான் வண்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருந்தார்.

"பின்சீட்டு பெல்ட்டைக் கொஞ்சம் சுத்தம் பண்ணீங்களாண்ணே?"

"எந்த பெல்ட்டும்மா? பின்னாடி பெல்ட்டே கிடையாதே. எப்பவோ கத்தியால அறுத்து எடுத்திருக்காங்க. புதுசு மாட்டச் சொன்னேன். பின்னாடி எதுக்குய்யா பெல்ட்டுன்னு கேக்குறார் உங்க அத்தான்."

"எதுக்கு அறுக்கணும்?"

அவர் கண்ணாடியைத் துணியால் துடைத்துத் தந்தார்.

"உள்ள மாட்டிக்கிட்ட ஆளை வெளிய எடுக்கத்தாம்மா அறுப்பாங்க."

போன் அடித்தது. அக்கா.

"கிளம்பிட்டோம்டி. பாப்பாவை மடியில வெச்சுக்கிட்டுப் பின்னாடி உட்கார்ந்திருக்கேன். இவர் வழக்கம்போலப் பறக்குறார். அதான் பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கிட்டேன். சீ... என்னடி இது, ஒரே ஈரமா இருக்கு!"

கழற்று என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவள் குரலுக்குப் பின்னால் ஹாரன் அலறியது. அதற்கும் பின்னால், அத்தானின் போனில் யாரோ ஜோக் சொல்ல, அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

"அக்கா..." என்றேன். "இறுக்கமா இருக்கா?"