ஸ்கேன் சென்டருக்கு ஒரு டேப் டிரைவ்

சங்கரன்கோவிலில் ஒரு ஸ்கேன் சென்டரின் பதினோரு கம்ப்யூட்டர்களுக்கும் ஒரு சர்வருக்கும் நான்தான் பொறுப்பு. பொறுப்பு என்று எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

படங்களுக்கு நகல் எடுத்துவைக்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்று முதலாளியை ஒரு வருஷம் நச்சரித்தேன். நெட் வழியாக வெளியூர் சர்வருக்கு அனுப்பலாம் என்றால், ஒரு நாள் படங்கள் போய்ச்சேர எங்கள் லைனுக்கு இரண்டு நாள் ஆகும். தனி ஹார்டு டிஸ்க்கில் எடுக்கலாம் என்றால், இருந்த ஒன்று ஏற்கெனவே இரண்டு முறை கைதவறி விழுந்திருந்தது. காந்த நாடாவில் பதிந்துவைக்கும் டேப்தான் சரி என்றேன்.

"என்னவே, கேசட்டா? எந்தக் காலத்துல இருக்கீரு?" என்று முதலாளி சிரித்தார்.

நான் விடவில்லை. எட்டு டேப்பைத் தானே மாற்றிக்கொள்ளும் பெட்டியா, ஒன்றை மட்டும் செருகும் டிரைவா என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். கொள்ளளவு, வேகம், கோடைச் சூட்டை டேப் தாங்குமா என்பதுவரை அலசினேன். கடைசியில் ஒற்றை டிரைவும் கிழமைக்கு ஒன்றாக ஆறு டேப்பும் வந்தன. பகலில் நாலைந்து படங்களை ஏற்றிச் சோதித்தேன், அருமையாக ஓடியது. தினமும் இரவு ஒன்பது மணிக்கு நகல் எடுக்கும்படி அமைத்தேன். ஏதாவது தவறினால் எனக்கு மெயில் வரும். வரவேற்பில் இருந்த அக்கா காலையில் டேப்பை மாற்றி, பழையதைச் சாப்பாட்டுப் பையில் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோவார்.

மெயில் ஒன்றும் வரவில்லை. அந்தத் தெம்பில், வந்தவர்களிடம் "பிலிம் எதுக்கு? படம் இங்கனயே பத்திரமா இருக்கும்" என்று சொல்ல ஆரம்பித்தேன்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு சர்வரின் டிஸ்க்குகள் போயின. ஆறு டேப்பையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் என் சோதனைப் படங்கள். மற்ற ஐந்திலும் ஒன்றுமே இல்லை.

பஜாரில் மின்கசிவால் ஒரு கடை எரிந்ததிலிருந்து, எங்கள் தெருவில் மெயினை அணைக்காமல் யாரும் பூட்டுவதில்லை. "மெயினை அமத்தியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியை எடுப்போம். எட்டு மணிக்கு அணைத்தால், யு.பி.எஸ். அரை மணி நேரம் தாங்கும். ஒன்பது மணிக்கு அணைந்து கிடக்கும் சர்வர் எப்படி நகல் எடுக்கும், எப்படி மெயில் அனுப்பும்? அந்த அக்கா வெறும் டேப்பைத்தான் வருஷம் முழுக்கச் சுமந்திருக்கிறார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. பாதி நாள் மெயினை அணைத்தவன் நான்தான்.

அடுத்த வாரம் மேலநீலிதநல்லூரிலிருந்து ஒருவர் மனைவியுடன் வந்தார். "போன வருஷப் படத்தை எடுத்துத் தாங்க தம்பி. வயித்துக் கட்டி வளந்துருக்கான்னு டாக்டர் ஒப்பிட்டுப் பாக்கணுமாம். அது இல்லேன்னா, இப்ப ஒண்ணு எடுத்து, மூணு மாசம் பொறுத்து இன்னொண்ணு எடுத்தாத்தான் தெரியுமாம்."

"படமெல்லாம் அழிஞ்சு போச்சு அண்ணாச்சி" என்றேன்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நான் பிலிம் கேட்டேன். நீங்கதான வேண்டாம்னீய?" என்று மட்டும் சொன்னார்.

அந்த அம்மாள் அடிவயிற்றில் கையை வைத்தபடி என்னிடம் கேட்டார்: "மூணு மாசம் இது சும்மா இருக்குமாய்யா?"

தெரியவில்லை என்றேன். அன்று பூட்டும்போதும் பழக்கத்தில் கை மெயினை அணைத்துவிட்டது. திரும்பப் போட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.