கமலவேணி திருத்திய கதை

காஜா பெராங்கில் எங்கள் பக்கத்து வீட்டுக் கமலவேணியிடம் ஒரு துப்பறியும் நாவலை நம்பிக் கொடுக்க முடியாது. மூன்றாவது அத்தியாயத்திலேயே கொலைகாரன் யாரென்று சொல்லி, மிச்சத்தை நாம் படிக்க முடியாமல் செய்துவிடுவாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். "கேக்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்றான் பாரு, அவன்தான்" என்பாள். குடும்ப நாவல்களையும் விட்டுவைக்க மாட்டாள். "இந்தப் புருஷன் புத்தகம் முழுக்க ஒரு தடவகூட முணுமுணுக்கல. இவன் மனுசனே இல்ல. எழுதுனவருக்கு இன்னும் கல்யாணம் ஆகல போல." தான் ஒரு வரி எழுதியதில்லை, ஆனால் எழுதுகிறவர்களின் குட்டெல்லாம் அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு வாய்த்த புருஷன் நன்றாகவே முணுமுணுப்பார். கலியாணசுந்தரம் தட்டில் கை வைக்கும்போதே "உப்பு இல்ல" என்பார். வாயில் போட்டுப் பார்ப்பதெல்லாம் பிறகுதான்.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்த மறு வருஷம், தெங்கேரா கடைத்தெருவுக்குக் கருவாடு வாங்கப் போன அவரைத் தெருவிலேயே மடக்கி லாரியில் ஏற்றிவிட்டார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. பிடித்தவன் நாசமாகப் போக. கமலவேணி கண்டவன் காலிலெல்லாம் விழுந்து பார்த்தாள். ஒரு தகவலும் இல்லை. மாமியார் ருக்மணியம்மாள் படுத்த படுக்கையானார். "எம் மவன் இருக்கானா இல்லையான்னு தெரியாம எனக்குத் தொண்டையில எறங்காது" என்று தட்டைத் தள்ளிவிடுவார். ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அதுவும் வேண்டாம். எலும்பும் தோலுமாகிவிட்டார். கண்ணெதிரே இன்னொரு உயிர் போய்க்கொண்டிருக்க, கமலவேணி நாவல்களைத் தொடுவதையே விட்டுவிட்டாள்.

ஒரு மத்தியானம் குருபோங் ரப்பர் தோட்டத்துத் தேவதாஸ் வந்தான். சயாமிலிருந்து தப்பி வந்தவன். கால் முழுக்கப் புண், துணி சுற்றியிருந்தான். மாமியார் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நானும் கமலவேணியும் வாசலில் இருந்தோம். உட்காருவதற்குள் அவன் படபடவென்று சொன்னான்: "அண்ணன் நல்லா இருக்காருக்கா. சமையல் கொட்டகையில வேல. மூணு வேளயும் சோறு. வெயில்ல நிக்கவே வேணாம். காய்ச்சல்கூட வரல."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கமலவேணியைப் பார்த்தேன்; முகம் வெளுத்துப்போயிருந்தது. காய்ச்சலைப் பற்றி நாங்கள் யாருமே கேட்கவில்லை.

அத்தனை நாவலையும் கிழித்துப் போட்டவள், இந்த ஒரு கதையாவது தேறிவிடாதா என்று அன்று தவித்தாள். கெஞ்சுகிற குரலில் கேட்டாள்: "தம்பி, அவரு ஏதாச்சும் கொறை சொன்னாரா? சாப்பாட்டப் பத்தி? என்னப் பத்தி? கோவத்துல திட்டுனாரா? நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா."

அவன், பாவம், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டான். "சேச்சே! வாயத் தொறந்து ஒரு கொறை சொன்னதில்லக்கா. தங்கமான மனுசன்."

"அது எம் புருஷன் இல்ல" என்றாள் கமலவேணி. பிறகு கேட்டாள்: "எப்பப்பா செத்தாரு?"

தேவதாஸ் தலையைக் குனிந்துகொண்டான். "போன மழைக்கு. காலரா. நாந்தான் கூட இருந்தேன். ஒங்ககிட்ட சொல்ல வாய் வரலக்கா."

அவள் முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். வாய்விட்டு அழக்கூட வழியில்லை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் விழித்துக்கொண்டார். "யாரு கமலா? சயாம்லேர்ந்து யாராச்சுமா?"

கமலவேணி தேவதாஸின் கையை இறுகப் பிடித்தாள். "மொதல்ல சொன்னதையே உள்ள போய்ச் சொல்லு. மூணு வேளச் சோறுங்கறது மட்டும் வேணாம், நம்பமாட்டாங்க. உப்பு இல்லன்னு தெனம் சண்ட போடுறாருன்னு சொல்லு."

அவன் அப்படியே சொன்னான். ருக்மணியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவந்தான்! எம் மவனேதான்! அங்க போயுமா அந்த வாய் அடங்கல?" பிறகு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். "கமலா, அந்தக் கெழங்கக் கொண்டா."

மறுநாள் காலையில் கிணற்றடியில் அவளைப் பார்த்தேன். அழுது வீங்கிய முகத்தைக் கழுவிவிட்டு, உடைந்த கண்ணாடியைப் பார்த்து நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். பொட்டு கோணலாகிவிட்டது. துடைத்துவிட்டு, மறுபடி நேராக வைத்தாள். உள்ளேயிருந்து மாமியார் கிழங்கு கேட்டுக்கொண்டிருந்தார்.