மிஸ்ரி போடாத ஓட்டு

என் ரூம் கதவுக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சட்டை தொங்குகிறது. எனக்குத் தொளதொளவென்று இருக்கும், போட்டதில்லை. எங்கள் ஃபோர்மேன் விசா கேன்சலாகி ஊருக்குப் போகும்போது கொடுத்தது. எகிப்துக்காரர் என்பதால் கேம்ப்பில் எல்லோருக்கும் அவர் மிஸ்ரி, எனக்கு பாய். துபாய் அல் குசைஸ் ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய்க் கறை படிந்த நீல உடுப்பிலேயே பார்த்துப் பழகிய மனுஷர், ஒரு வெள்ளிக்கிழமை காலை இந்தச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு என் பிக்கப்பில் ஏறினார். "என்ன பாய், கல்யாணமா?" என்று கிண்டலடித்தேன்.

"கல்யாணத்துக்கே என்னை யாரும் கேக்கலை. இன்னைக்கு நாடு கேக்குது. ஆமாவா, இல்லையா, அவ்வளவுதான்," என்றார் எங்கள் ஒர்க்‌ஷாப் இந்தியில். புது அரசியல் சட்டம் வேண்டுமா, வேண்டாமா என்று அவர்கள் நாட்டில் மக்களிடமே நேரடி ஓட்டெடுப்பு. இங்கிருப்பவர்கள் துணைத் தூதரகத்தில் போடலாம். வாரம் முழுக்க லீவு கேட்டும் கிடைக்கவில்லை. அன்றுதான் கடைசி நாள். யல்லா என்றால் ஓடுவதும் கலாஸ் என்றால் நிற்பதும்தான் எங்கள் பிழைப்பு. சம்மதமா என்று யார் கேட்டார்கள்? வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தார்.

வெயிலில் வரிசை நின்று உள்ளே போனவர், போன வேகத்தில் திரும்பினார். இந்த ஊரில் போலீஸ் கேட்டாலும் ஆஸ்பத்திரியில் கேட்டாலும் நாங்கள் நீட்டுவது பத்தாக்கா என்கிற குடியிருப்பு அட்டையைத்தான். அந்தப் பழக்கத்தில் தன் நாட்டு அதிகாரியிடமும் அதையே நீட்டியிருக்கிறார். "நீ இங்கே வெளிநாட்டான்னு இது சொல்லுது. எங்க ஆள்னு சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்று அந்த அதிகாரி கேட்டாராம். எகிப்து அடையாள அட்டை எப்போதோ தொலைந்துவிட்டது. பாஸ்போர்ட், அப்போதைய வழக்கப்படி, கம்பெனிப் பெட்டகத்தில். மேனேஜருக்கு போன் போட்டோம். "ஜும்மா நாள், ஆபீஸ் கிடையாது. நாளைக்கு வா," என்று வைத்துவிட்டார். நாளைக்கு அதை வைத்து என்ன செய்ய?

திரும்பும்போது சிக்னலில் கேட்டேன், "என்ன போட்டிருப்பீங்க பாய்?" வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "லா," என்றார். அரபியில் "இல்லை". இன்னொரு தடவையும் சொன்னார், பலமாக. பிறகு சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

இப்போது என் பாஸ்போர்ட் என் பெட்டியிலேயே இருக்கிறது. ஆனால் என் ஓட்டை நேரில் போனால்தான் போட முடியும், லீவு இல்லை. இன்று ஊரில் தேர்தல். டியூட்டி முடிந்து வந்ததும் மனைவி கூப்பிட்டாள்: "பூத்துல உங்களைக் கேட்டாங்க. ஆள் துபாய்ன்னு சொல்லிட்டேங்க." எத்தனை தேர்தலாக இதே பதில். சரி என்று வைத்தேன்.

ரூமில் யாரும் இல்லை. கதவைச் சாத்தினேன், சட்டை லேசாக ஆடியது. அதைப் பார்த்து, என் ஓட்டு யாருக்கு என்று சொன்னேன். ஒரே தடவைதான். பலமாகச் சொல்லத் தெம்பில்லை.