பாலத்தில் நின்ற பாடம்

சோடாக் கடை வந்ததும் செல்லியம்மாளின் நடை மட்டுப்படும். "மொதல்ல கையி. முழங்கை மட்டும் சோப்பு. நகத்துக்கடியில நல்லாத் தேய்க்கோணும்" என்று முணுமுணுப்பாள். கொல்லன் பட்டறைக்கு எதிரே வந்தால் கத்தரிக்கோலும் நூலும் கொதிக்க வேண்டும். வைக்கோல் வண்டிகள் நிற்கும் இடத்தில் பனிக்குடம். பிள்ளையார் கோயில் முக்கில் குழந்தையின் தலை தெரியும்: "முக்காத சாமி, வாயத் தொறந்து மூச்சு வுடு." பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து குகை வட்டாரத்தில் அவள் தங்கியிருந்த சித்தி மகள் வீடு வரைக்கும் சேலத்துத் தெருதான் அவளுக்குப் புத்தகம். வேறு புத்தகம் இருந்தும் பயனில்லை. அவளுக்கு எழுத்துத் தெரியாது.

பனமரத்துப்பட்டியில் கடலைக்காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், புருஷன் இல்லை, நாற்பது வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம், கிராமத்து மருத்துவச்சிகளுக்கு ஆறு மாதம் பாடம் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு பிரசவமும் பார்த்தறியாத இவள் வந்து சேர்ந்தாள். ஏன் வந்தாய் என்று யார் கேட்டாலும், "சும்மா ஊட்டுல குந்தியிருந்து என்ன பண்றதுங்க" என்பாள்.

வாரத்தில் ஒரு நாள் தெருவைத் தலைகீழாக நடப்பாள். "முன்னாலயே போனா வாயி பழக்கத்துல சொல்லிப்போடுது. திரும்பி வந்தாத்தான் மனசுல நிக்குதான்னு தெரியுது." ஒரு வார்த்தை பிசகினால் பழைய இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி நடப்பாள். என்னத்தைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறாய் என்று சோடாக் கடைக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

உடன் படித்தவர்களில் ஷரீஃபுன்னிசாவுக்கு மட்டும் வாசிக்கத் தெரியும். கோட்டைப் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும். நர்சு ஜானகியம்மாள் சொன்னதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு பத்துத் தடவை வாசிப்பாள்; எழுப்பி நிறுத்திக் கேட்டால் திருதிருவென விழிப்பாள். ஒரு நாள் செல்லியம்மாள் அவள் நோட்டை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். "பாக்காம சொல்லு கண்ணு. தப்பா வந்தாலும் பரவால்ல, சொல்லு. அப்பறமா நோட்டத் தாரேன்." அன்றிலிருந்து இருவரும் ஒருத்தியை ஒருத்தி கேள்வி கேட்டுக்கொண்டேதான் வீடு திரும்பினார்கள்.

ஆறாம் மாதத்தில் அந்தப் பாடம் வந்தது. "நஞ்சுக்கொடி விழுந்த பிறகு கருப்பை கல்லு மாதிரி இறுகணும்" என்றார் ஜானகியம்மாள். "இறுகலேன்னா ரத்தம் நிக்காது. அடிவயித்துல கை வெச்சு, இறுகற வரைக்கும் வட்டமாத் தேய்க்கணும். குழந்தையை மார்ல விடணும். அதுலயே முக்காவாசிப் பேருக்கு நின்னுடும்."

"அவ்வளவுதானுங்களா?" என்றாள் செல்லியம்மாள்.

பாடம் முடிந்துவிட்டதா என்று கேட்கிறாள் என நினைத்து மற்றவர்கள் சிரித்தார்கள். ஜானகியம்மாளும் சிரித்து, "அவ்வளவுதான், எழுந்து போங்க" என்றார்.

தெருக் கணக்கில் அந்தப் பாடம் திருமணிமுத்தாற்றுப் பாலத்தில் விழுந்தது. பிள்ளையார் கோயில் வரைக்கும் கடகடவென்று சொல்லி வருகிறவள் பாலத்தில் கால் வைத்ததும் வாயை மூடிக்கொள்வாள். அக்கரை போய்த்தான், குழந்தையைக் குளிப்பாட்டுகிற பாடத்தில் மறுபடி தொடங்குவாள். ஷரீஃபுன்னிசா நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்தாள். பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கையில் பாலத்தின் நடுவில் மறித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இதைக் கட்டாயம் கேப்பாங்க. இது மட்டும் ஏன் வர மாட்டேங்குது?"

செல்லியம்மாள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "எம் புள்ள ராசாத்தி தலச்சம்புள்ளைக்கு எங்கூட்டுக்கு வந்தா. புள்ள செத்தேதான் பொறந்துச்சு. அப்பறமா இவளுக்குப் பாய் நனைஞ்சு போச்சு. கெட்ட ரத்தம், போகட்டும்னு மருத்துவச்சி சொன்னா. இவ என் மொகத்தப் பாத்தா. நானும் அதையேதான் சொன்னேன், ஷரீஃபு. கெட்ட ரத்தந்தான் சாமி, போகட்டும்னேன். எங்கையி சும்மாத்தான் இருந்துச்சு. அவ தலையத் தடவிக்கிட்டு இருந்துச்சு."

ஷரீஃபுன்னிசா அவள் கையைப் பிடித்து அக்கரை வரைக்கும் கூட்டிப்போனாள். மறுநாள் ஆஸ்பத்திரிப் பின்கட்டில், துணி வைக்கும் அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்தாள். செல்லியம்மாளின் வலது கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். "வாயில வராட்டிப் போகுது. கையில படிங்க." பரீட்சை வரைக்கும் தினமும் அப்படியே நடந்தது. முதல் மூன்று நாள் அந்தக் கையை ஷரீஃபுன்னிசாதான் பிடித்துச் சுற்றினாள்.

பரீட்சையில் டாக்டரம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார். செல்லியம்மாள் மேஜைமேல் இருந்த தலையணையை இழுத்து, அதன்மேல் கை வைத்து வட்டமாகத் தேய்த்தாள். வாயால் சொல்லச் சொன்னார்கள். தேய்த்துக்கொண்டேயிருந்தாள். டாக்டரம்மா ஜானகியம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாளில் என்னவோ எழுதினார். இருவரும் தேறினார்கள்.

ஊருக்குத் திரும்பிய நாலாம் மாதம் விடிகாலையில் வண்டி கட்டிக்கொண்டு காளியப்பன் வந்து நின்றான். ராசாத்தியின் புருஷன். அவள் அந்தப் பிரசவத்தில் செத்துப்போனபின் கமலவேணி என்ற தாயில்லாப் பெண்ணைக் கட்டியிருந்தான். வாசலில் தலை குனிந்தபடி, "உங்களக் கூப்புட எனக்கு மொகமில்லீங்க அத்தை. அவளுக்கு வேற ஆருமில்லீங்க" என்றான்.

செல்லியம்மாள் ஆஸ்பத்திரியில் கொடுத்த தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

வெயில் ஏறும்போது பெண் குழந்தை பிறந்து அழுதது. நஞ்சும் முழுசாக விழுந்தது. பிறகு பாய் நனையத் தொடங்கியது. கமலவேணி வெளுத்த உதட்டோடு, "எனக்கு என்னமோ பண்ணுதுங்கம்மா" என்று அவள் முகத்தைப் பார்த்தாள். செல்லியம்மாள் குழந்தையை அவள் மார்பில் போட்டாள். அடிவயிற்றில் கையை வைத்தாள். மாவு போலக் குழைந்து கிடந்தது. தேய்த்தாள். வியர்வை கண்ணில் இறங்கியதைத் துடைக்கவில்லை. எவ்வளவு நேரமோ. உள்ளங்கைக்கு அடியில் ஏதோ திரண்டது; உருண்டது; கல்லாக இறுகியது. ரத்தம் நின்றது.

கமலவேணியின் முகத்தில் நிறம் திரும்பியது. அப்படியே கண்ணயர்ந்தாள். கதவோரம் நின்ற காளியப்பன், "நின்னுருச்சுங்களா அத்தை?" என்றான்.

தலையசைத்தாள்.

"அப்பறம் போதுமுங்க. கையி நோகும், எடுங்க."

அவள் அவனைப் பார்க்கவில்லை. உறங்குகிறவளின் வயிற்றின்மேல் அந்தக் கை வட்டமாகப் போய்க்கொண்டேயிருந்தது.