கமராவுக்கு முன்னால் விழுங்கிய குளிசை

எனக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் என்று சொன்ன டொக்டர், செய்ய வேண்டியதையும் கூடவே சொல்லிவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. அந்த ஊசி எலும்பைக் கொஞ்சம் பலவீனப்படுத்தும். அதற்காக நாளுக்கு ஒரு கல்சியம் குளிசை. மற்றபடி வீட்டுச் சாப்பாடு, நடை. எல்லாம் சொல்லி முடிக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆகவில்லை.

"இவ்வளவுதானோ?" என்று வெளியே வந்ததும் மனைவி கேட்டாள். இவ்வளவு பெரிய வருத்தத்துக்கு இவ்வளவு சின்ன வைத்தியமா என்று அவளுக்கு மனம் ஆறவில்லை.

அன்றே விஷயம் கனடாவிலிருக்கும் என் தங்கைக்கும், லண்டனிலிருக்கும் மனைவியின் தம்பிக்கும் போய்விட்டது. எங்கள் ஆட்களுக்கு அந்த உறுப்பின் பெயர் வாயில் வராது. தங்கை "அந்த வருத்தம்" என்றாள். மச்சான் "கீழ்ப்பக்கத்துப் பிரச்சினை" என்றான். பெயர் சொல்ல வெட்கப்பட்டவர்கள் மருந்து சொல்ல வெட்கப்படவில்லை.

முன்பெல்லாம் வெளிநாட்டிலிருந்து யாரும் வந்தால் எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்குச் சொக்லேட்டும் சவர்க்காரமும் வரும். இப்போது போத்தல்கள் வந்தன. கோயில் திருவிழாவுக்கு வந்தவர் தங்கை தந்தது என்று நான்கு கொண்டுவந்தார், கலியாணத்துக்கு வந்தவர் மச்சான் தந்தது என்று ஐந்து. ஒன்பதும் பிரிட்ஜின் மேல் நின்றன. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கடைத்தெருவான காலி வீதியில் ஒரு சேலைக் கடையில் துணி அளந்து வெட்டுகிறேன். அளவு நாடாவில் உள்ள இலக்கத்தைத் தாண்டி எனக்கு ஆங்கிலம் தேவைப்பட்டதில்லை. அதனால் போத்தல்களைப் படத்தை வைத்துத்தான் அடையாளம் தெரியும். மாட்டுப் படம் போட்டது தங்கையுடையது. மலைப் படம் மச்சானுடையது. ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் கடற்கரையில் சிரித்துக்கொண்டு ஓடும் போத்தலும் மச்சானுடையதுதான். அதை விழுங்கும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வரும்.

சாப்பாட்டையும் அவர்களே பொறுப்பெடுத்தார்கள். பால் கூடாது என்றாள் தங்கை. மாட்டுப் படப் போத்தலை அனுப்பியவளும் அவள்தான். ஆட்டிறைச்சி கூடாது, தக்காளியை அவித்துச் சாப்பிட வேண்டும் என்றான் மச்சான். மனைவி காலையில் தக்காளிச் சம்பல், மத்தியானம் தக்காளிக் குழம்பு, பின்னேரம் தக்காளி சூப் என்று வீட்டையே சிவப்பாக்கினாள். போதாததற்கு, கடையில் என்னோடு வேலை செய்யும் கொட்டாஞ்சேனைக்காரர் திங்கட்கிழமை தோறும் கட்டு அனோதா என்ற முள்சீத்தா இலையைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவருவார். முள் முள்ளாகப் பழம் காய்க்கும் அந்த மரம் அவர் வளவில் நின்றது.

"அவிச்சுக் குடிங்க. என்ட மாமாக்கு இதாலதான் சுகமானது."

மாமா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அவர் போய்ட்டாரே. அது வேற நோய்ல."

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ கோல் வரும். காலையில் தங்கை.

"அண்ணா, குளிசை போட்டாச்சோ?"

"ஓம், போட்டனான்."

"எங்க, எனக்கு முன்னால ஒருக்காப் போடுங்கோ பாப்பம்."

திரும்பவும் போட்டேன். அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். மத்தியானம் மச்சான்.

"அத்தான், சும்மா வாய்க்குள்ள வச்சிருக்கிறியள். நாக்கைத் தூக்குங்கோ."

தூக்கினேன். மாட்டேன் என்ற சொல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. பத்துச் சேலையை விரிக்கவைத்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்களையும் "பரவாயில்லை, பிறகு வாங்கோ" என்று வாசல்வரை அனுப்பிவைக்கிறவன் நான்.

சில மாதங்களில் உடம்பு மாறியது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம். மலம் இறுகியது. சோற்றைக் கண்டால் குமட்டியது. இரண்டு மீற்றர் கேட்ட பெண்ணுக்கு ஒன்றரை மீற்றர் வெட்டினேன், ஒரே கிழமையில் இரண்டு தரம். நோய் எலும்புக்கு ஏறிவிட்டது என்று முடிவு கட்டினேன். யாருக்கும் சொல்லவில்லை. மனைவி மட்டும் "ஆள் நல்லாச் சோர்ந்துபோனார்" என்று இரண்டு பக்கமும் அறிவித்தாள். இரண்டு நாட்டிலிருந்தும் ஒரே தீர்ப்பு வந்தது: "இரண்டு இரண்டாப் போடச் சொல்லுங்கோ."

அடுத்த கிளினிக்கில் டொக்டர் என் இரத்தப் பரிசோதனையை இரண்டு தரம் வாசித்தார்.

"புற்றுநோய்க்குப் பாக்கிற அளவு நல்லாக் குறைஞ்சிருக்கு அண்ணை. ஆனா இரத்தத்தில கல்சியம் எக்கச்சக்கம். நோய் எலும்புக்குப் போனாலும் சில நேரம் இப்பிடி வரும். வேற ஏதும் குளிசை எடுக்கிறீங்களோ?"

"இல்லை டொக்டர். நீங்கள் தந்தது மட்டும்தான்" என்றது என் வாய்.

மனைவி தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தாள். தங்கையையும் மச்சானையும் எப்படிக் காட்டிக்கொடுப்பது?

அவர் எலும்பு ஸ்கானுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். வார்ட்டில் நிற்க வேண்டிவரும் என்றார். பேனை நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நோய் எலும்புக்கு ஏறியிருந்தால் நான் சொல்வதால் எதுவும் மாறாது. ஏறாவிட்டால் நான் சாகப் போவது வெட்கத்தால். அதற்கு ஊசியும் இல்லை.

"டொக்டர்," என்றேன். "வீட்டில ஒன்பது போத்தல் இருக்கு."

பேனை நின்றது.

மனைவி ஓட்டோ பிடித்துப் போய், கடையின் சேலைப் பை ஒன்றில் எல்லாவற்றையும் கொண்டுவந்தாள். சிங்கள நர்ஸ் ஒருவர் அவற்றை மேசையில் அடுக்கி ஒவ்வொரு லேபலாக வாசித்தார். மாட்டைத் தூக்கி, "கல்சியம்" என்றார். மலையைத் தூக்கி, "மேகெத் கல்சியம்." கிழவனையும் கிழவியையும் தூக்கி, "அனே அங்கிள், மேகெத் கல்சியம்!" இதிலும் அதுதான், இதிலும் அதுதான் என்று எனக்கு நன்றாகவே விளங்கியது. இன்னும் இரண்டில் விற்றமின் டி இருந்தது. அது கல்சியத்தை உடம்புக்குள் இன்னும் இழுத்துவிடுமாம்.

"இவ்வளவு சுண்ணாம்புக்கு ஒரு வீட்டுக்கே வெள்ளையடிச்சிருக்கலாம்" என்றார் டொக்டர். "நான் தந்ததையும் சேர்த்து எல்லாத்தையும் இப்ப நிப்பாட்டுங்கோ. இனி எது வந்தாலும் வாயில போட முதல் இஞ்ச கொண்டுவாங்கோ."

கட்டு அனோதா இலையைப் பற்றியும் சொன்னேன். அதுவும் வேண்டாம் என்றார்.

"அப்ப தக்காளி?" மனைவி கேட்டாள்.

"சாப்பிடட்டும். ஆனா வேற கறியும் ஆளுக்குக் குடுங்கோ அக்கா, பாவம்."

மூன்று நாள் வார்ட்டில் சேலைன் ஏற்றினார்கள். ஸ்கானும் எடுத்தார்கள். எலும்பில் ஒன்றும் இல்லை. கல்சியம் இறங்கியது. அன்று ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தேன், தாகம் தீர்ந்தது. கொஞ்ச நாள் கழித்து டொக்டர் தன்னுடைய அந்த ஒரு குளிசையை மட்டும் திரும்பத் தொடங்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்த ஞாயிறு தங்கை எடுத்தாள். "போட்டாச்சோ?"

"இல்லைப் பிள்ளை. நீ அனுப்பினதை இனிப் போடமாட்டன்."

நடந்ததைச் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்ப நான் இஞ்சயிருந்து என்னத்தை அனுப்புறது?" என்றாள்.

ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு தரம் மறுக்க எனக்குத் தெம்பில்லை. "டொக்டர் நடக்கச் சொன்னவர்" என்றேன்.

இப்போது பிரிட்ஜின் மேல் சப்பாத்துப் பெட்டிகள். காலையில் தங்கையின் சோடியோடு மரீன் டிரைவில் நடக்கிறேன். பின்னேரம் மச்சானுடைய சோடி. அது ஒரு சைஸ் பெரிது; இலை சுற்றி வந்த பத்திரிகைத் தாளை முன்பக்கம் அடைத்திருக்கிறேன். ஞாயிறு கோல் வந்தால் மனைவி போனைக் கீழே பிடிக்கிறாள்.

"அத்தான், சும்மா வீட்டுக்குள்ள போட்டுக்கொண்டு நிக்கிறியள். அடியைத் தூக்குங்கோ, தேஞ்சிருக்கோ எண்டு பாப்பம்."

தூக்குகிறேன்.