எட்டாம் கிளாஸ் சண்டைக்காரி

அன்று மாடியில் இருந்தது நாலே பேர்: கல்லூரியில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா மகன் ரகு, என் அண்ணன் சேகர், பக்கத்து வீட்டு ஆன்டப்பன், பதினைந்து வயதில் நான். ஐந்தாவதாகச் சுக்கு நெடியையும் சேர்த்துக்கொள்ளலாம். கொச்சி மட்டாஞ்சேரியில் ஆடி மாதத்துக் கர்க்கடக மழை பிடித்துவிட்டால், பூசணம் பிடிக்காமலிருக்க அப்பா தன் சுக்குச் சரக்கையெல்லாம் மாடியில் பரப்பிவிடுவார். அதைக் கையால் புரட்டிக் கொடுப்பது என் வேலை. ஜன்னல்களைச் சாத்திய அந்த அறையில் தூள் மூக்கில் ஏறித் தும்மல் வந்தால் எல்லாரும் என்னையே முறைப்பார்கள். கீழே அம்மாவுக்குக் கேட்டால் ஆட்டம் அவ்வளவுதான்.

வெலிங்டன் தீவுத் துறைமுகத்தில் வேலை பார்த்த பெரியப்பாவுக்கு ஏதோ ஒரு கப்பல்காரர் விட்டுப்போன ஆங்கிலப் புத்தகத்திலிருந்து வந்தது அந்த ஆட்டம். காய் கிடையாது, பலகை கிடையாது. ரகு ஒரு குகையை வாயாலேயே வர்ணிப்பான். நாங்கள் ஆளுக்கொரு கற்பனை ஆளை வைத்துக்கொண்டு, அந்த ஆள் என்ன செய்கிறான் என்று சொல்லவேண்டும். லூடோ கட்டையை மும்மூன்று தடவை உருட்டி ஆளின் பலத்தையும் புத்தியையும் குறித்தோம். என் ஆளுக்குப் புத்தி ஆறு, ஆறு, ஐந்து என்று விழுந்து பதினேழு ஆனது. சேகருக்கு ஒன்பது.

அடுத்த பக்கத்தில்தான் வந்தது வினை. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு "கிளாஸ்" உண்டு என்று புத்தகத்தில் போட்டிருந்தது. சண்டைக்காரன், பாதிரி, கள்ளன், மந்திரவாதி என்று நாலு விதம். ரகு கொஞ்ச நேரம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கிளாஸ்னா கிளாஸ்தானே? யார் எத்தனாங்கிளாஸ்னு பார்க்கணும்" என்றான். மந்திரவாதி புத்தகம் பார்த்து மந்திரம் படிக்கிறவன். ஆகவே பத்தாவது தேறியிருக்கவேண்டும். சர்ச்சில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் ஆன்டப்பன் பாதிரி. எட்டாவதோடு நின்றவர்கள் சண்டைக்காரர்கள். எங்கள் வீட்டு விதி என்று நோட்டில் மலையாளத்தில் எழுதியும் வைத்தாயிற்று. வீட்டில் தமிழ் பேசினாலும் எழுத வந்தது எங்களுக்கு அதுதான்.

எட்டாவதோடு நின்றது அங்கே நான் ஒருத்திதான். ஒன்பதாவதில் கணக்குப் பரீட்சை ஹால் வாசலிலேயே மூன்று தடவை வாந்தி எடுத்தவளை, "போதும் விஜி, இனி போகண்டாம்" என்று அப்பா நிறுத்திவிட்டார். இரண்டாம் தடவையில் பத்தாவது தேறிய சேகர் மந்திரவாதி ஆனான்.

"எடா, அவளுக்குப் பதினேழு இல்லையாடா? நீ ஒன்பதை வச்சு எந்த மந்திரம் சொல்லப் போறே?" என்று ஆன்டப்பன் கேட்டான்.

"புத்தி இருந்து என்ன? கிளாஸ் இல்லையே" என்றான் சேகர்.

புத்தகத்தைப் பாலித்தீனில் சுற்றிச் சாக்குக்கு அடியில் ரகு வைத்துவிட்டுப் போவான். ஒரு கையால் சுக்கைப் புரட்டிக்கொண்டே, சேகரின் பழைய அகராதியை மடியில் வைத்து, ஒரு மாதத்தில் பதினொரு பக்கம் படித்தேன். பள்ளிக்கூடம் என்ற பேச்சே அதில் இல்லை. கிளாஸ் என்றால் வெறும் வகை. புத்தி அதிகம் விழுந்தவர் மந்திரவாதியாகலாம் என்று தெளிவாகப் போட்டிருந்தது. பூட்டிய கதவைத் திறக்கும் மந்திரம்கூட ஒன்று இருந்தது. அதை எப்படியாவது ஒரு தடவை என் வாயால் சொல்லிப் பார்த்துவிடவேண்டும் என்று எனக்கு இருந்த ஆசையை இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குகையில் சண்டைக்காரி முன்னால் போனாள், அவள்தானே போகவேண்டும். கால்வைத்த கல் விலகி உள்ளே விழுந்தாள், கல் மறுபடி மூடிக்கொண்டது.

"சேகர், நீ மந்திரவாதி. என்ன செய்யறே?"

"என் கையில தூங்க வைக்கிற மந்திரம்தான் இருக்கு. போகட்டும், அவ வேற ஆள் உண்டாக்கிக்கட்டும்."

"பாவம்டா, அங்கே விட்டுட்டுப் போறதா? நான் ஜெபிக்கலாம்" என்றான் ஆன்டப்பன்.

ரகு என் பக்கம் திரும்பினான். "விஜி, உள்ளே நாலு சுவர். இருட்டு. என்ன செய்யப் போறே?"

புத்தகத்தில் அப்படி இல்லை ரகுண்ணா, நான் மந்திரவாதி என்பது நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால், நீ எப்போது படித்தாய் என்பார்கள். சேகர் ரகுவைப் பார்த்துச் சிரிப்பான். ரகு கோபித்துக்கொண்டு புத்தகத்தை எடுத்துப்போய்விடுவான். ரகு ஏன் வரவில்லை என்று அம்மா கேட்பாள். பிறகு மாடியில் சுக்கும் நானும்தான். வாயைத் திறக்குமுன் இப்படிக் கடைசிவரை எண்ணிவிடுகிற சுபாவம் எனக்கு அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

"உட்கார்ந்திருக்கேன்" என்றேன்.

"சும்மாவா?"

"சும்மாதான்."

"பரீட்சை ஹால்னு நினைச்சிருப்பா" என்றான் சேகர். கீழிருந்து அம்மா சாயாவுக்குக் கூப்பிட்டாள். மீதி அடுத்த வாரம் என்று எழுந்தோம். அடுத்த வாரத்துக்குள் பெரியப்பாவுக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல் வந்து, ரகுவும் போனான், புத்தகமும் போயிற்று.

பொள்ளாச்சிக்கு வாழ்க்கைப்பட்டு, பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் எழுதவும் கற்று, எத்தனையோ வருஷமாயிற்று. அந்த மட்டாஞ்சேரி வீடு இப்போது வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி. நோட்டு பழைய பேப்பர்காரனிடம் போயிருக்கும். ராத்திரி மின்சாரம் போய், எழுந்து விளக்கு ஏற்றத் தோன்றாமல் அப்படியே இருக்கும்போது மட்டும் அந்தச் சண்டைக்காரி நினைவுக்கு வருவாள்.

போன வருஷம் சேகர் மகள் கல்யாணம் இடப்பள்ளியில் நடந்தது. பந்தியில் பக்கத்து இலையில் ரகு. தலை முழுக்க நரைத்திருந்தது. கிளாஸ் என்பதற்கு அது அர்த்தமே இல்லை ரகுண்ணா, நான் அன்றைக்கே படித்துவிட்டேன் என்று ஒருவழியாகச் சொன்னேன்.

"அப்படியா?" என்று நிஜமாகவே திகைத்தான். பிறகு சிரித்தான். "ஆனா அந்தக் குழிக்கு மந்திரமே வேண்டாமே விஜி. ஒரு சுவர்ல கதவு வெச்சிருந்தேன். தட்டிப் பார்த்தா திறந்திருக்கும், யார் தட்டினாலும். நீ தட்டவே இல்லையே."

எந்தச் சுவர் என்று கேட்டேன்.

பருப்பில் நெய் ஊற்றுகிறவர் நகரும்வரை யோசித்தான்.

"மறந்துபோச்சு" என்றான்.