புகைக்குழலுக்குள் பதினொரு பேர்

அப்போது நான் ஓட்டியது பக்கப்பலகை இல்லாத மொட்டை லாரி. பட்டாளத்தில் கழித்துவிட்ட வண்டியைச் சாலைக் கடைத்தெருவின் இரும்பு வியாபாரி ஒருவர் ஏலத்தில் எடுத்திருந்தார். உத்தரம், தண்டவாளம், கொதிகலன் என்று வேறு எந்த வண்டியிலும் அடங்காத சாமான்களெல்லாம் என் தலையில்தான் விழும். கொச்சியிலிருந்து தூத்துக்குடி வரை போயிருக்கிறேன். நான் வடம் போட்டு இறுக்கிய சாமான் இருநூறு மைல் போனாலும் அசையாது. அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

என் வேலை ஆட்டம் கண்டது சாமான்களால் அல்ல, ஆட்களால். வழியில் யார் கை காட்டினாலும் நிறுத்திவிடுவேன். பஸ் வராத ரோட்டில் பிள்ளைகுட்டிகளோடு நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டே வண்டியை விடுகிறவன் என்ன மனுஷன்? இப்படி லோடு மேல் ஆள் ஏற்றியதற்காக இரண்டு தடவை போலீஸ் பிடித்தது. இரண்டு தடவையும் முதலாளிதான் போய்க் கைகட்டி நின்றார். இரண்டாம் தடவை திரும்பி வந்ததும் கடைச் சுவரில் சாவி மாட்டும் ஆணியைக் காட்டினார்.

"இனி ஒருத்தன வண்டியில ஏத்துனன்னு கேட்டேன்னா, சாவிய இந்த ஆணியில மாட்டிட்டு ஒம் பாட்டுக்குப் போவலாம், கேட்டியா?"

எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். கரமனையில் வாடகை வீடு. டிரைவர் வேலை நிலைக்காது என்று சொல்லிக்கொண்டே பெண்ணைக் கொடுத்த மாமனார், வாரம் தவறாமல் வந்து, வேலை இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போவார். எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

அந்த மழைக்காலத்தில் பொன்முடித் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்குப் புகைக்குழல் இரண்டு துண்டாகப் போக வேண்டியிருந்தது. முதல் துண்டு, இரும்புத் தகடுகளை ஆணி அறைந்து இணைத்தது, பதினெட்டு அடி நீளம். உள்ளே ஆள் குனிந்து உட்காரலாம். தோட்டத்துத் துரை முன்னிலையில் ஒப்படைக்க வேண்டும் என்று முதலாளியே விடியற்காலையில் காரில் கிளம்பிவிட்டார். என் கிளீனருக்கோ காய்ச்சல். மலை ரோட்டில் வண்டி நின்றால் பின்சக்கரத்துக்குக் கட்டை போட ஒரு ஆள் வேண்டும். நான் தனியாகப் போனேன்.

விதுராவில் பதினொரு பேர் கை காட்டினார்கள். எல்லாரும் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற திருநெல்வேலிக்காரர்கள். ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தை.

"அண்ணாச்சி, பஸ்ஸு பழுதாகிக் கெடக்காம். நடந்தா இருட்டிப்போவும்" என்றார் ஒரு பெரியவர்.

தலை முடியாது என்றது. கால் அதற்குள் பிரேக்கை மிதித்துவிட்டது. இவர்களை எங்கே ஒளிப்பது என்று பார்த்தேன். புகைக்குழல் வாயைத் திறந்துகொண்டிருந்தது. வரிசையாக உள்ளே அனுப்பி, இரண்டு பக்கமும் சாக்குத் தொங்கவிட்டேன்.

"அண்ணாச்சி, ஆணி குத்துது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"குத்தினா குத்தட்டும். மூச்சு விடப்பிடாது."

கல்லாறு பாலத்தருகே முதலாளியின் கார் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. பக்கத்தில் முதலாளி குடையோடு நின்றார். என்னைக் கண்டதும் அவருக்கு வந்த சந்தோஷத்தில் பாதியாவது எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கேபினில் என்னைத் தவிர இன்னொருவருக்குத்தான் இடம், மிச்சத்தில் ஜாக்கியும் கயிறும். அவர் ஏறி உட்கார்ந்தார்.

இரண்டாவது வளைவில் குழந்தை அழுதது. குழலுக்குள் அந்த அழுகை நாலு மடங்காகி வந்தது.

"என்னடே சத்தம்?"

"காத்து, மொதலாளி. கொழலுக்குள்ள பூந்து வருது."

நாலாவது வளைவில் யாரோ இருமினார்கள். அதுவும் காற்று என்றேன். ஆறாவது வளைவில் தாய் தாலாட்டுப் பாட ஆரம்பித்தாள்.

"காத்து தாலாட்டும் பாடுமாடே?"

நான் பதில் சொல்வதற்குள் எஞ்சின் நின்றுவிட்டது. வண்டி பின்னால் சறுக்கியது. பிரேக்கை எவ்வளவு மிதித்தும் மழைச் சேற்றில் சக்கரம் பிடிக்கவில்லை. கீழே கிடுகிடு பள்ளம். என் மனைவி முகம் கண்ணில் வந்தது. அதே நேரம் பின்னால் தபதபவென்று குதிக்கும் சத்தம். சக்கரத்துக்குக் கல் போட்டுவிட்டார்கள்! வண்டி நின்றது.

முதலாளி குடையோடு இறங்கி, ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தார். பிறகு என்னிடம் கையை நீட்டினார்.

"சாவி."

கொடுத்தேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வண்டிக்கு முட்டுக்கொடுத்து நின்ற பெரியவர்தான் வாய் திறந்தார். "மொதலாளி, கோவத்த மேல போய் வச்சுக்கிடலாமா? கை வலிக்கி."

முதலாளி பள்ளத்தைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், சாவியைத் திரும்பக் கொடுத்தார். "மேல போய்ச் சேந்ததும் என் கையில வரணும்." பிறகு, நனைந்து நடுங்கிய குழந்தை மேல் அவர் பார்வை விழுந்தது. கொஞ்ச நேரம் மீசையைக் கடித்துக்கொண்டு நின்றார். "பிள்ளைக்காரி முன்னால இருக்கட்டும்" என்றார். குடையை மடக்கினார். வேறு வழி? பதினோராவது ஆளாகப் புகைக்குழலுக்குள் நுழைந்தார்.

மேலே துரை, கணக்கப்பிள்ளை, கூலியாட்கள் எல்லாரும் காத்திருந்தார்கள். சாக்கை விலக்கினேன். ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடைசியாக ஒரு குடை வந்தது. அதன் பின்னால், வெள்ளைச் சட்டை முழுக்கக் கறுப்பு எண்ணெயோடு, நாலு காலில் முதலாளி வந்தார். துரை சுருட்டை வாயிலிருந்து எடுத்தவர் திரும்ப வைக்கவில்லை.

சொன்னபடி சாவியை நீட்டினேன். முதலாளி சாவியைப் பார்த்தார், துரையைப் பார்த்தார், தன் சட்டையைப் பார்த்தார். "தொர எல்லாம் கண்டுக்கிட்டு நிக்கான். சாவியக் கொண்டு போ அங்கிட்டு" என்று பல்லைக் கடித்தார்.

மறுநாள் காலை கடைக்குப் போய், சாவியை நானே அந்த ஆணியில் மாட்டிவிட்டு நின்றேன். முதலாளி முதுகைத் தேய்த்துக்கொண்டே எழுந்து வந்து, சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"மிச்சக் கொழலு நாளைக்குப் போவணும். உள்ள ரெண்டு சாக்கு விரிச்சுப் போடு. ஆணி குத்துது."